நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்த ஆசைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தஞ்சாவூர்க்காரி, ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பெரிய கோயில் சுவரில் இருக்கிற கல்வெட்டை யாரும் சொல்லித் தராமல் நானே நின்று படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு 23 வயதில் வந்தது. தொடங்கியது 39 வயதில். இடையில் போன 16 வருஷமும் என் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே இருந்த தூரம் இரண்டு கிலோமீட்டர்தான். இப்போது 46 ஆகிறது, கல்வெட்டு படிக்கிறேன். அது தெரிந்ததிலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பிகள், வீணை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற அத்தை, கடை போட நினைத்து நினைத்தே இருக்கிற தோழி என்று பலரும் "எப்படித் தொடங்கினீங்க?" என்று கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தள்ளிப்போடுவது என்றால் சோம்பேறித்தனம்தானே?

இல்லை. இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம்மில் நிறையப் பேர் தங்களைச் சோம்பேறி என்று நம்பியே பாதி வாழ்க்கையைக் கழித்துவிடுகிறோம். சோம்பேறிக்கு எந்த வேலையும் செய்யப் பிடிக்காது. தள்ளிப்போடுகிறவரோ அந்த ஒரு வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வார். நோட்டைத் திறக்க வேண்டிய மாலை நேரத்தில் பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன், கை வலிக்கிற அளவுக்கு. அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது.

திருவள்ளுவரே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார். மடியின்மை அதிகாரத்தில் 605-ஆவது குறள் "நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்" என்று எண்ணுகிறது. நெடுநீர் என்றால் காலத்தை நீட்டிக்கொண்டே போவது, மடி என்றால் சோம்பல். இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் நான்கு என்று எண்ணியிருக்க மாட்டார்.

உளவியல் ஆய்வாளர்கள் ஃபூஷியா சிரோயிஸ், திமோதி பிச்சில் இருவரும் 2013-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை மனநிலையோடு இணைத்துச் சொன்னார்கள். அந்த வேலையை நினைத்ததுமே மனதில் ஒரு சங்கடம் வருகிறது, "எனக்கு இது வராதோ" என்ற பயமோ, சலிப்போ, வெட்கமோ. வேலையை ஒதுக்கி வைத்த அந்த நிமிஷமே சங்கடம் விலகி நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதி ருசித்துவிடுவதால் அடுத்த முறையும் அதையே செய்கிறோம். ஆக நாம் ஓடி ஒளிவது வேலையைப் பார்த்து இல்லை, அது கிளப்புகிற உணர்ச்சியைப் பார்த்துத்தான். எனக்கு இது புரிந்த அன்றைக்கு என்னை நானே திட்டிக்கொள்வது பாதியாகக் குறைந்தது.

ஆபீஸ் வேலை எதுவும் நிற்பதில்லை. எனக்கென்று வைத்த ஆசையை மட்டும் ஏன் தொடவே முடிவதில்லை?

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி.

என் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி வரிக்கு மாதாமாதம் இரண்டு ரிட்டர்ன்: 11-ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும், 20-ஆம் தேதிக்குள் வரி கட்டுகிற 3பி போட வேண்டும். தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும், அதற்கு முன்னாலேயே முதலாளி போன் செய்வார், ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஆள் கேட்பார். இத்தனை வருஷத்தில் நான் தேதி தவறியதே இல்லை. அதே கை, அதே மூளை, கல்வெட்டு என்று வந்தால் 16 வருஷம் அசையவில்லை.

வித்தியாசம் ஒன்றுதான். ரிட்டர்ன் போடாவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது. நான் கல்வெட்டு படிக்காவிட்டால் உலகத்தில் ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. நமக்கே நமக்கென்று இருக்கிற ஆசைக்குக் கடைசித் தேதியும் கிடையாது, கேட்கிற ஆளும் கிடையாது. வாடகை, பிள்ளை ஸ்கூல் பீஸ், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும், இது மட்டும் வரிசையில் பின்னாலேயே நிற்கும். இதற்கு மன உறுதி வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு வேலை செய்தது மன உறுதி இல்லை, கேட்பதற்கு ஒரு ஆளைத் தேடிக்கொண்டதுதான்.

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர், ஞாயிறு மாலை கோயிலில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் துணிந்து போய், "ஐயா, அடுத்த ஞாயிறு நாலரைக்கு வர்றேன், ஒரு வரி எழுதிக்கிட்டு வர்றேன், பார்த்துத் திருத்துவீங்களா?" என்றேன். "வாம்மா, வராகி சன்னதிப் பக்கம்தான் இருப்பேன்" என்றார், அவ்வளவுதான். பணம் வாங்கவில்லை, வகுப்பு நடத்தவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு ஒரு பெரியவர் எனக்காகக் காத்திருப்பார் என்ற ஒன்றுதான், அத்தனை வருஷம் நகராத என்னைச் சனிக்கிழமை ராத்திரி நோட்டோடு உட்கார வைத்தது.

உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். குருவாக இருக்க வேண்டிய அவசியமில்லை, நீங்கள் செய்துகொண்டு வந்ததை வாரம் ஒருமுறை கண்ணால் பார்க்கிறவராக இருந்தால் போதும்.

நிஜமாகவே நேரம் இல்லையே?

சிலருக்கு நிஜமாகவே இல்லை. கைக்குழந்தை இருக்கிறவருக்கோ, படுக்கையில் கிடக்கிற பெரியவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கோ "காலையில் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திரு" என்று நான் சொல்ல மாட்டேன், அவர்கள் முதலில் தூங்கட்டும். மற்றவர்களுக்கு என் அனுபவம் இது: ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தால்தான் உட்காருவேன் என்று காத்திருந்த வரைக்கும் எனக்கு அது கிடைக்கவே இல்லை. அலை எப்பொழுது ஓய, தலை எப்பொழுது முழுக என்ற கதைதான்.

நான் செய்தது இது. சாயங்காலம் ஏழு மணிக்குக் குக்கரை அடுப்பில் ஏற்றியதும் சமையல் மேடையிலேயே, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், கட்டம் போட்ட நோட்டைத் திறந்துவிடுவேன். மூன்று விசில் வருகிற வரைக்கும் எழுத்து எழுதிப் பழகுவேன். மூன்றாவது விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நோட்டை மூடிவிடுவேன், இன்னும் எழுத ஆசை இருந்தாலும்கூட. கால் மணி நேரம் இருக்கும். நோட்டில் அங்கங்கே மஞ்சள் விரல் தடம் இருக்கும், அது கிடக்கட்டும்.

"நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்" என்பதற்கும் "குக்கர் வைத்ததும் எழுதுவேன்" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதைப் பற்றிப் பல வருஷம் ஆய்வு செய்தவர். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் இப்படிப்பட்ட 94 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, சும்மா இலக்கு வைத்தவர்களைவிட இப்படி இடமும் நேரமும் குறித்து வைத்தவர்கள் நன்றாகவே செய்து முடித்திருந்தார்கள். குளித்ததும், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், பிள்ளையை ட்யூஷனில் விட்டதும் என்று தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒன்றின் வாலில் உங்கள் வேலையைக் கட்டிவிடுங்கள்.

என் இலக்கு ரொம்பப் பெரியது. எங்கே தொடங்குவது?

அது பெரியதாக இருப்பது பிரச்சினை இல்லை, அதில் செய்கிற மாதிரி ஒன்றும் இல்லாததுதான் பிரச்சினை. "கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்வது" என்று எழுதி வைத்தால் இன்றைக்குச் சாயங்காலம் கையால் என்ன செய்வது என்று அதில் இல்லை. "க, த, ந, ம, ர, இந்த ஐந்து எழுத்தும் சோழர் காலத்தில் எப்படி இருந்தன என்று பார்த்துப் பத்துத் தடவை எழுதுவது" என்பதில் இருக்கிறது.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் குரூப் 4 பாஸ் பண்ணணும், பாஸ் பண்ணணும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தேர்வில் 200 கேள்வி, அதில் 100 தமிழ். இதில் எங்கே தொடங்குவது? ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் முதல் இயல், இன்றைக்கு மூன்று பக்கம், அப்புறம் மூடி வை என்றேன். "ஆறாம் கிளாஸா?" என்று முகம் சுளித்தான். பின்னே, தொடங்குகிற இடம் எளிதாக இருந்தால்தானே தொடங்க முடியும்! இப்போது ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துக்கு வந்துவிட்டான்.

நல்ல நாள் பார்த்துத் தொடங்கலாமா? தை பிறக்கட்டும் என்று இருக்கிறேன்.

பார்க்கலாம், தப்பில்லை. வார முதல் நாள், மாத முதல் நாள், பிறந்தநாளுக்கு அடுத்து வரும் நாட்கள் போன்ற சமயங்களில் மனிதர்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கூடுதலாகப் போகிறார்கள் என்று அமெரிக்காவில் 2014-இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. புதுக்கணக்கு தொடங்குகிற உணர்வு நிஜமாகவே உதவுகிறது. ஆனால் அந்த நாள் இந்த வாரத்துக்குள் வர வேண்டும். ஆடி முடியட்டும், புரட்டாசி போகட்டும், தீபாவளி முடியட்டும், மார்கழியில் எப்படித் தொடங்குவது என்று போனால் வருஷத்தில் நாளே மிச்சமிருக்காது. வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாள்தான்.

தேவையான சாமானெல்லாம் வாங்கி வைத்துவிட்டேன், இருந்தும் தொடங்கவில்லை.

வாங்குவதே தொடங்கியது போன்ற ஒரு திருப்தியைக் கொடுத்துவிடும், அதனால்தான். நான் பூதக்கண்ணாடி வாங்கினேன், நல்ல டார்ச் வாங்கினேன், எழுத்து வளர்ச்சி பற்றி நான்கு புத்தகம் வாங்கி அட்டை போட்டு அடுக்கினேன். இரண்டு வருஷம் அப்படியே இருந்தன. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் "எப்படிப் படிப்பது" என்ற வீடியோக்களை மணிக்கணக்காகப் பார்ப்பதும் இதே ஜாதிதான். பத்து நாள் கையில் இருப்பதை வைத்துச் செய்யுங்கள், பதினோராவது நாள் கடைக்குப் போங்கள். உண்மையில் என்ன தேவை என்பது அப்போதுதான் தெரியும். எனக்குத் தேவைப்பட்டது டார்ச் மட்டும்தான். அதையும் எழுத்துக்கு நேராகப் பிடிக்காமல் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும், நிழல் விழுந்தால்தான் வெட்டு தெரியும் என்பதைக் கோயிலில் நின்றபிறகுதான் கற்றுக்கொண்டேன்.

அழகாக டைம்டேபிள் போடுகிறேன், இரண்டே நாளில் உடைந்துவிடுகிறது.

எல்லோருக்கும் உடையும். 1994-இல் ரோஜர் பியூலரும் அவரோடு இருந்தவர்களும் கனடாவில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது சுமார் 34 நாள், ஆனது சுமார் 55 நாள். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்குக்கூட ஏறக்குறைய 49 என்றுதான் சொல்லியிருந்தார்கள். எனவே ஒரு மாதம் என்று தோன்றினால் இரண்டு மாதம் என்று எழுதுங்கள். வாரத்தில் ஏழு நாளுக்கும் திட்டம் போடாதீர்கள், ஐந்து நாள் போதும். காய்ச்சலும் கரண்ட் கட்டும் விருந்தாளியும் வர மீதி இரண்டு நாள் இருக்கட்டும்.

எனக்குக் கடைசி நேர நெருக்கடியில்தான் வேலை நன்றாக ஓடும்.

ஓடும், கடைசி நேரம் என்று ஒன்று இருக்கிற வேலைக்கு. வீணைக்கு ஏது கடைசி நேரம்?

போன்தான் என் முதல் எதிரி.

அந்தக் கால் மணி நேரம் மட்டும் போனை அடுத்த அறையில் வையுங்கள். சைலண்டில் போட்டுப் பக்கத்தில் வைத்தால் கை தானாகப் போய்விடும். இதற்கு மேல் இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் விட்டுவிட்டேன், மறுபடி தொடவே வெட்கமாக இருக்கிறது.

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் தொடங்காமல் போன ஆசைகளைவிட நடுவில் நின்று போனவைதான் நம் வீடுகளில் அதிகம்.

நான் தொடங்கிய முதல் வருஷமே மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் படுக்கை, பிசியோதெரபி என்று ஐந்து மாதம் ஓடிவிட்டது. எல்லாம் சரியான பிறகும் நோட்டைத் தொடவில்லை. காரணம் நேரமில்லை என்பது இல்லை. கடைசிப் பக்கத்தில் நான் எழுதியிருந்த தேதி. அதைப் பார்த்தாலே "ஐந்து மாதமா விட்டுட்டே" என்று அது என்னைக் கேட்பது போல் இருந்தது. ஐயாவைக் கோயிலில் தூரத்தில் பார்த்தால் வேறு பிராகாரம் வழியாகப் போய்விடுவேன்.

ஒருநாள் அவரே எதிரில் வந்துவிட்டார். "மாமியார் நடக்கிறாங்களா?" என்றார். "நடக்கிறாங்க ஐயா" என்றேன். "சரி, ஞாயித்துக்கிழமை வா" என்றார். ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பழைய பக்கத்தைத் திருப்பி ஒரு கிளிப் போட்டு மூடிவிட்டு, புதுப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினேன்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டினால்தான் திருந்துவோம் என்று வளர்ந்த நமக்கு இதை நம்புவது கஷ்டம், ஆனால் முன்னால் சொன்ன கணக்கு இதிலும் பொருந்துகிறது. திட்டத் திட்ட அந்த வேலையைச் சுற்றிச் சங்கடம் கூடும், சங்கடம் கூடக்கூட அதை விட்டு ஓடுவோம்.

ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்றும் நினைக்காதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்து ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். நடுவாந்திரமாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு ஒன்றும் வரவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாராவது சொல்லி, 22-ஆவது நாளும் கஷ்டமாக இருந்தால், கோளாறு உங்களிடம் இல்லை.

வீட்டில் கேலி செய்கிறார்கள். சொல்லாமலே செய்யலாமா?

செய்யலாம். நான் முதல் ஆறு மாதம் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "இந்த வயசுல கல்வெட்டு படிச்சு என்ன கலெக்டர் ஆகப்போறியா" என்பது போன்ற பேச்சுக்குப் பதில் தேடுவதிலேயே தெம்பு போய்விடும். வேர் பிடிக்காத நாற்றை ஊர் பார்க்கத் தெருவில் வைக்க வேண்டியதில்லை. கேட்கிற ஆள் ஒருவர் போதும் என்று சொன்னேனே, அது ஒருவர்தான், முப்பது பேர் இருக்கிற குடும்ப வாட்ஸ்அப் குரூப் இல்லை.

நினைத்த எல்லாவற்றையும் தொடங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். எனக்கு ஹிந்தி கற்பது, எம்ப்ராய்டரி, தையல் மிஷின் என்று பட்டியலில் நிறைய இருந்தன. ஒரு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஹிந்தி என் அண்ணன் ஆசைப்பட்டது, எம்ப்ராய்டரி பக்கத்து வீட்டில் பார்த்து வந்தது. இரண்டையும் அடித்துவிட்டேன், மனசு லேசாகிவிட்டது. பத்து வருஷமாகத் தொடாமலும், அடிக்க மனசில்லாமலும் ஒன்று மிச்சமிருக்குமே, உங்களுடையது அதுதான்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ஆசையை மட்டுமல்ல, குளிப்பது, சாப்பிடுவது, போனை எடுத்துப் பேசுவது என்று எல்லாமே தள்ளிப்போனால், முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை என்றால், தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் அப்படியே இருந்தால், அதைத் தள்ளிப்போடும் பழக்கம் என்று எண்ணிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம், கவனக்குறைபாடாக இருக்கலாம், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தயவுசெய்து கூப்பிடுங்கள், இதை மட்டும் நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

முதல் வரியை எப்போது படித்தீர்கள்?

மாமியார் உடம்பு முடியாமல் இருந்த மாதங்களைக் கழித்தால், எட்டாவது மாதம். ஒரு ஞாயிறு மாலை, வெயில் சாய்ந்து சுவரோடு வழிகிற நேரம். ராஜராஜன் தானும் மற்றவர்களும் கோயிலுக்குக் கொடுத்ததை எல்லாம் கல்லிலே வெட்டச் சொன்ன அந்தப் பெயர்பெற்ற வரி, விமானத்தின் அடித்தளத்தில். அந்தக் காலத்துக் கல்லில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், நாம்தான் இடம் பார்த்து வைத்துப் படிக்க வேண்டும். "நம அககன" என்று எழுத்துக் கூட்டினேன். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கூட்டினேன். நம் அக்கன்! ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா குந்தவையை அக்கா என்று சொல்லியிருக்கிறான், நான் என் வாயால் அதைப் படித்துவிட்டேன். கண் கலங்கி எழுத்து மங்கிவிட்டது.

"அடுத்தது?" என்றார் ஐயா. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். கு, டு... "குடுத்தனவும் ஐயா." கொடுத்தன இல்லை, குடுத்தன. நாங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே.